சண்டைக்கார நிறம்

ஷிஜி கையில் கிடைத்ததையெல்லாம் உடுத்துவாள். கிடைத்தபடியே உடுத்தமாட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். வெங்காயம் வரும் சிவப்பு வலைச் சாக்கைக் கத்தரித்துத் துப்பட்டாவுக்கு ஓரம் வைத்துத் தைப்பாள். ஒரு காதில் முத்து, மறு காதில் பித்தளை நட்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் மற்றப் பெண்கள் வெள்ளைச் சேலையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது இவளும் வெள்ளைச் சேலையில்தான் வருவாள், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சேலைக்குக் கீழே மஞ்சள் ரப்பர் செருப்பு எட்டிப் பார்க்கும். பிரசங்கம் எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்பதை முன்வரிசைப் பெண்கள் மறந்துபோகும் அளவுக்கு மஞ்சள்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே சட்டம்தான் சொல்வாள். மூன்று நிறம் எடு. இரண்டு தமக்குள் ஒத்துப்போகட்டும். மூன்றாவது சண்டைக்காரியாக இருக்கவேண்டும். சண்டை போட ஒருத்தி இல்லையென்றால் மற்ற இரண்டும் தூங்கிவிடும். உடம்புக்கும் இதுதான், வீட்டுக்கும் இதுதான். பெங்களூரில் பன்னிரண்டு வருஷம் படம் வரைந்தும், ஹோட்டல்களுக்கும் காபிக் கடைகளுக்கும் உள்ளலங்காரம் செய்தும் அவள் சேர்த்த அறிவு மொத்தமும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவள்.

அவள் அம்மா புஷ்பபாய்க்கு இந்தச் சட்டத்தில் துளி நம்பிக்கை கிடையாது. புஷ்பபாயின் கணக்கில் சுவர் என்றால் புட்டி தேய்த்து முகம் தெரியும்படி பளபளக்க வேண்டும். மேலே ஜிப்சம் போர்டு, அதற்குள் ஒளித்துவைத்த நீல விளக்கு. தம்பி ஜிஜோவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பாறசாலையில் அவர்கள் வீட்டைப் புதுப்பிக்க ஷாஜி என்ற காண்டிராக்டரை வரச்சொல்லி, நிற அட்டையையும் வாங்கிவைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் ஷிஜி பெங்களூரிலிருந்து மூட்டைமுடிச்சோடு வந்து இறங்கினாள். வீட்டைத் தானே செய்வதாகச் சொன்னாள். மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அம்மா இறங்கிவந்தாள், ஒரு நிபந்தனையோடு.

“சரி, செய்யி. ஆனா கேட்டுக்கோ. கல்யாணம் கழிஞ்சு அடுக்களை காண ஒற்றசேகரமங்கலத்துல இருந்து பெண்ணு வீட்டு ஆளு வருவினும். அவியில ஒருத்தி மூக்கைச் சுளிச்சாலும் போதும். மறுநாளு காலத்த ஷாஜி புட்டியும் கொண்டு கேறுவான். பின்ன இந்த வீட்டுல நீ ஒரு ஆணி அடிக்கப்பிடாது.”

“சம்மதம்,” என்றாள் ஷிஜி.

அடுக்களை காணல் என்பது அந்தப் பக்கத்துச் சடங்கு. கல்யாணம் முடிந்த சில நாளில், பெண்ணின் மாமிமாரும் சித்திமாரும் வண்டி பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, தங்கள் பிள்ளை இனி நின்று சமைக்கப்போகும் அடுக்களையைப் பார்ப்பார்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள், பாத்திரம் பண்டங்களோடு வருவார்கள். பார்ப்பது என்றால் எட்டிப் பார்ப்பதல்ல. டப்பா மூடியைத் திறப்பார்கள், குழாயைத் திருகுவார்கள், சன்னல் கம்பியில் விரலை ஓட்டித் தூசி உண்டா என்று பார்ப்பார்கள். அன்று சொன்ன ஒரு சொல் இரண்டு குடும்பத்திலும் இருபது வருஷம் ஓடும். பன்னிரண்டு வருஷம் வெளியூரில் கிடந்த ஷிஜிக்கு இதெல்லாம் சிறுவயதில் பலகாரம் தின்ற ஞாபகமாகத்தான் இருந்தது. கண்காட்சித் திறப்பு விழா மாதிரி என்று அவள் தனக்குள் வைத்துக்கொண்டாள். தப்பு அங்கேதான் தொடங்கியது.

பதினொரு மாதம் வேலை நடந்தது. ஹாலின் ஒரு சுவரைப் பூவார்ப் படகுக்காரர்கள் அடிக்கும் கருநீலத்தில் முக்கினாள். மற்றச் சுவர்களைச் சுண்ணாம்பின் வெறும் வெள்ளையில் விட்டாள். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பஸ்ஸின் நீள சீட்டைப் பிடித்துவந்து, சாம்பல் நிறத் துணி தைத்து, நீலச் சுவரோரம் போட்டாள். அப்பா பொன்னுதாஸ் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அம்மா கேட்டால் புட்டிதான் நல்லது என்பார், மகள் கேட்டால் சுண்ணாம்புதான் நல்லது என்பார். வண்டி ஓட்டின காலத்தில் இப்படி இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் போட்டிருந்தால் பாதி ஊர் மிஞ்சியிருக்காது. ஆனால் அந்த சீட் வந்த நாளிலிருந்து வேறு எங்கும் உட்கார மறுத்துவிட்டார்.

அடுக்களையில்தான் ஷிஜி தன் உயிரைக் கொட்டியிருந்தாள். தரை சிவப்புக் காவி. சுவர் மண்ணும் சுண்ணாம்பும் குழைத்த பழுப்பு. பூவாரில் உடைத்துப்போட்டிருந்த படகின் பலகைகளை வாங்கி, இழைத்து, எண்ணெய் பூசி, மூன்று சுவரிலும் வரிசை வரிசையாகத் தட்டு அடித்தாள். கதவு இல்லாத திறந்த தட்டுகள். அவற்றில் மண் சட்டிகள், மர அகப்பைகள், ஊறுகாய் போடும் பழுப்புப் பீங்கான் பரணிகள், பித்தளைச் செம்புகள். எது எங்கே என்று முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகு அளந்து வைத்தாள். மொத்தம் அறுபத்துநான்கு சாமான். ஒரு கரண்டி இடம் மாறினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், உடனே போய்த் திருப்பி வைப்பாள்.

“உப்பு எடுக்கணும்னாலும் மனு கொடுக்கணும் போல இருக்கு,” என்று அம்மா முனகினாள்.

ஜிஜோவிடம் ஷிஜி வேறொன்றும் சொல்லிவைத்திருந்தாள். பூப்போட்ட ஃப்ரிட்ஜ் மட்டும் இந்த வாசலைத் தாண்டினால், தான் பெட்டியைக் கட்டிவிடுவதாக. ஜிஜோ தலையாட்டினான். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறவன், எதற்கும் தலையாட்டப் பழகியவன்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, ஷிஜிக்கு இந்த வீடு சிரிப்பு விஷயம் இல்லை. ஹோட்டல்காரர்களுக்குச் செய்ததெல்லாம் இரண்டு வருஷத்தில் பெயர்த்து எறியப்பட்டுவிட்டது. அவள் கைபட்ட ஒரு சுவர்கூடப் பெங்களூரில் இன்று இல்லை. நிலைத்து நிற்கப்போகிற முதல் வேலை இதுதான், அதுவும் தன்னைப் பைத்தியம் என்று செல்லமாகவும் செல்லமில்லாமலும் சொன்ன ஊரில். அதன்மேல் புட்டி ஏறுவதை நினைத்தால் எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவாள்.

கல்யாணம் திங்கட்கிழமை நடந்தது. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு அடுக்களை காணல். பெண் நீது வந்து ஆறு நாளாகியிருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சத்தம் போட்டுப் பேசமாட்டாள், கதவைக்கூட ஓசையில்லாமல் சாத்துவாள். நல்ல பிள்ளை, வீட்டோடு பொருந்திவிட்டாள் என்று ஷிஜி நினைத்திருந்தாள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கே ஷாஜி வந்துவிட்டான். விருந்துக்கு அழைத்ததாகப் பெயர். சட்டைப் பையில் நிற அட்டை துருத்திக்கொண்டிருந்தது.

“சேச்சி, தப்பா ஒண்ணும் தோணாண்டாம்,” என்றான் ஷிஜியிடம். “நாளைக்கு ஒருவேளை வேலை உண்டுன்னா, அளவு எடுத்து வைக்கலாமேன்னு வந்தேன்.”

“முந்திரிக்கொத்து உண்டு. தின்னுட்டு இரி,” என்று சொல்லிவிட்டு ஷிஜி உடுத்தப் போனாள்.

ஆளுயரக் கண்ணாடி ஜிஜோ, நீதுவின் அறையில்தான் இருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்த கசவுச் சேலையைத்தான் கட்டினாள். அதற்கு ரவிக்கையாக அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை வெட்டித் தைத்த குட்டைக் கோட்டு, பித்தளைப் பொத்தானோடு. கழுத்தில் பூவார் வலைக்காரர்களிடம் வாங்கிய ஆரஞ்சு நைலான் கயிற்றைப் பின்னிச் செய்த மாலை. கண்ணாடியில் பார்த்தாள். கசவின் தங்கமும் காக்கியும் அண்ணன் தங்கை மாதிரி ஒத்துப்போயின. ஆரஞ்சு இரண்டோடும் மல்லுக்கு நின்றது. பிரமாதமாக இருந்தது, அவளுக்கே தெரிந்தது.

திரும்பும்போது சன்னல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் கப்பைப் பார்த்தாள். அடர்த்தியான ரோஸ் நிறம், கைப்பிடியில் ஒரு கீறல். கழுவி, கவிழ்த்து, கீழே ஒரு கைக்குட்டை விரித்து வைத்திருந்தது. நீது கட்டிலில் உட்கார்ந்து தலைபின்னிக்கொண்டிருந்தாள்.

“இது ஆருக்க கப்பு?”

“எனக்கதான், மைனி,” என்று நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள் நீது.

“அடுக்களையில வைக்காம இங்க எதுக்கு வச்சிருக்க?”

நீது பின்னலை விட்டுவிட்டு எழுந்தாள். “அங்க எல்லாம் நிறைஞ்சு அழகா இருக்குல்லா. முதல்ல பலகையில ஒரு ஓரத்துல வச்சேன். பின்ன பாத்தப்போ சிங்குக்க கீழ இருந்துது. ரெண்டாவதும் வச்சேன், ரெண்டாவதும் கீழ போயிட்டு. நான் எதுக்கு உங்களுக்கு இடஞ்சலுன்னு இங்க கொண்டு வந்துட்டேன்.” அவள் குரலில் குறையே இல்லை. அதுதான் ஷிஜிக்கு உறைத்தது.

சிங்குக்குக் கீழே வைத்தது யார் என்று ஷிஜி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு தடவை, புதன்கிழமை ஒரு தடவை. கண்ணைக் குத்துகிறது என்று, யாருடையது என்றுகூடக் கேட்காமல், இரண்டு விரலால் தூக்கி வைத்திருந்தாள். வந்த பெண் அதன்பிறகு நாலு நாளாகத் தன் கப்பைக் கழுவிக் கழுவிப் படுக்கை அறைக்குத் தூக்கிப்போயிருக்கிறாள், அந்நிய வீட்டில் தங்க வந்தவள் மாதிரி. ஷிஜிக்கு முகம் சுட்டது.

அதே நேரம் முற்றத்திலிருந்து ஜிஜோ கூவினான். “அக்கா! அவிய பெருங்கடவிளை தாண்டியாச்சு! ரெண்டு வண்டி ஆளும் ஒரு பிக்கப் நிறைய சாதனமும் உண்டாம்!”

ஒரு பிக்கப் நிறைய. அந்தச் சாமானையெல்லாம் எங்கே வைப்பது? அறுபத்துநான்கு சாமானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் தட்டுகளில் ஒரு டம்ளர் நுழைய இடமில்லை. வரப்போகிறவர்கள் பார்க்கப்போவது அடுக்களையை அல்ல, தங்கள் பிள்ளைக்கு அதில் இருக்கும் இடத்தை. அதைக் காண்பதற்குத்தானே இந்தச் சடங்கே இருக்கிறது! கண்காட்சியாம், திறப்பு விழாவாம்.

மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். கழுத்தில் ஆரஞ்சுக் கயிறு. அடுக்களையில்? பழுப்பும் பழுப்பும், மண்ணும் மரமும், பித்தளையும் எண்ணெயும். எல்லாம் எல்லாவற்றோடும் ஒத்துப்போயின. சண்டைக்காரி எங்கே? பதினொரு மாதம் உழைத்து அவள் ஒரு அடுக்களையைத் தூங்கவைத்திருக்கிறாள். எழுப்ப வந்த ஒரே ஆளைத் தூக்கிச் சிங்குக்கு அடியில் போட்டிருக்கிறாள்.

ஷிஜி கப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். “நீது, வா. எனக்கு ஒரு கை உதவி வேணும்.”

அடுத்த முப்பத்தைந்து நிமிஷம் அந்த வீட்டில் நடந்ததை புஷ்பபாய் இன்றைக்கும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டுதான் சொல்வாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மகள் தட்டிலிருந்து பரணிகளை இறக்குகிறாள். மருமகள் வாங்கி வாங்கிக் கொடுக்கிறாள். ஜிஜோ கூடையில் சுமந்துபோய்ப் பின்னறையில் அடுக்குகிறான்.

“ஏட்டி, உனக்கு பிராந்தா?” அம்மா வாசலை மறித்து நின்றாள். “ஆளு வாற நேரத்துல தட்டை ஒழிக்குதியே! ஒழிஞ்ச பலகையைக் கண்டா இந்த வீட்டுல ஒண்ணுமில்லன்னுல்லா சொல்லுவினும்!”

“சொன்னா சொல்லட்டும்மா.”

“சொன்னா புட்டியாக்கும். நான் வாக்கு மாறமாட்டேன், பாத்துக்கோ.”

“எனக்கு தெரியும்,” என்றாள் ஷிஜி. அடுத்துக் கையை நீட்டி எடுத்தது தனக்கு மிகவும் பிடித்த கறுப்புப் பரணி. அதையும் இறக்கினாள். பிறகு திரும்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுப் போகப்போகும் வீடு கண்ணில் படும் என்று திரும்பாமலே வேலை செய்தாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு பரணியையும் இரண்டு கையாலும் பிடித்துத்தான் நீதுவிடம் கொடுத்தாள்.

பாதிக்கு மேல் தட்டுகள் காலியாயின. அன்றாடம் சமைக்கத் தேவையானவை மட்டும் ஒரு சுவரில் நின்றன. கடைசியாக ஷிஜி கழுத்து மாலையைக் கழற்றி, அந்த ஆரஞ்சுக் கயிற்றை நடுப்பலகையின் ஆணியில் கட்டி, அதில் ரோஸ் கப்பைத் தொங்கவிட்டாள். வெறும் படகுப் பலகைகளின் நடுவே அது தனியாக ஆடியது. நீது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வண்டிகள் வந்து நின்றன.

முதலில் இறங்கியது நீதுவின் அப்பாவுடன் பிறந்த மூத்த அக்கா, லேகா மாமி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அடுக்களைக்குள் முதலில் கால்வைக்கும் உரிமை அவளுடையது, கடைசிச் சொல்லும் அவளுடையது. எத்தனையோ வீட்டு மாமியார்கள் இந்த ஒரு மாமிக்குப் பயந்து சன்னல் துடைத்திருக்கிறார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, நரைத்த கொண்டை. கையில் மட்டும் கிளிப்பச்சையில் ஒரு குடை. ஷிஜி அந்தக் குடையைப் பார்த்தாள், ஏனோ கொஞ்சம் மூச்சு வந்தது.

ஹாலுக்குள் இருபது பெண்கள் நுழைந்தார்கள். நீலச் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். நீள சீட்டைப் பார்த்து ஒருத்தி, “இதென்ன, பஸ்ஸா?” என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். புஷ்பபாயின் கண் ஷாஜியைத் தேடியது, ஷாஜியின் கை சட்டைப் பைக்குப் போனது. பொன்னுதாஸ் மட்டும் சற்றும் அசராமல், “கேறி இரிங்க, இடம் உண்டு,” என்று நகர்ந்து கொடுத்தார். ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

லேகா மாமி உட்காரவில்லை. குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக அடுக்களைக்குப் போனாள். பின்னால் மற்றவர்கள். மாமி நடுவில் நின்று ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். காலிப் பலகைகள். காலிப் பலகைகள். ரோஸ் கப்.

“நீது, இது நீ ஹாஸ்டலுக்கு கொண்டு போன கப்பில்லியா?”

“ஆமா மாமி.”

“இந்தப் பலகை ஒக்க எதுக்கு ஒழிஞ்சு கிடக்குது?” கேள்வி புஷ்பபாயிடம் வந்தது. புஷ்பபாய் மகளைப் பார்த்தாள்.

ஷிஜிதான் பதில் சொன்னாள். “நீங்க கொண்டு வாறதை வைக்க, மாமி. நீதுக்க சாதனம் வைக்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம், நல்ல பதில்தான். ஆனால் அவளால் முடியவில்லை. “ரெண்டு மணி வரை எல்லாம் நிறைஞ்சுதான் இருந்துது. நான்தான் நிறைச்சேன். அந்தக் கப்பை ரெண்டு வட்டம் சிங்குக்க கீழ தள்ளினதும் நான்தான். எனக்க தப்பாக்கும். இப்பதான் தெரிஞ்சுது.”

புஷ்பபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

லேகா மாமி ஒரு பலகையருகே போனாள். விரலை ஓட்டித் தூசி பார்ப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் நாப்பது அடுக்களை கண்டிருப்பேன், கேட்டியா,” என்றாள் மெதுவாக. “எல்லா வீட்டிலயும் தட்டு நிறைய அடுக்கி வச்சு, எங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னு காட்டுவினும். நாங்க கொண்டு போறதை ஹால்ல வரிசையா வச்சு போட்டோ எடுப்பினும். நாங்க வண்டி கேறினதும் அது கட்டிலுக்க அடியில போவும். எனக்க பாத்திரமும் அங்கதான் கிடக்குது, முப்பத்திரண்டு வருஷமா. இன்னைக்கு வரை மாமியாருக்க பாத்திரத்துலதான் கஞ்சி குடிக்கேன்.” சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினாள். அவளுடைய பள்ளிக்கூடக் குரல் வந்துவிட்டது. “ஒழிச்சு வச்சு காத்திருந்த வீட்டை நான் இப்பதான் காணுதேன். கொள்ளாம். ரொம்ப நல்லாயிருக்கு. என்ன பாத்துட்டு நிக்குதிய? சாதனத்தை இறக்குங்க!”

ஷிஜிக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாதபடி சாமான் வர ஆரம்பித்தது.

எவர்சில்வர் குடங்கள், அடுக்குகள், தட்டுகள். சிவப்பு மூடிபோட்ட ஹாட்பாக்ஸ். பச்சை வாளி, மஞ்சள் முறம், ஊதா நிறத்தில் ஆறு டப்பா. பெங்களூர் ஷிஜி பார்த்திருந்தால் கண்ணை மூடியிருப்பாள். பாறசாலை ஷிஜி ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டாள். “அந்த ஊதா டப்பாவை இங்க தாங்க, மண் சட்டிக்க பக்கத்துல. இல்ல இல்ல, ஆறும் ஒண்ணா வேண்டாம். ரெண்டு இங்க, நாலு அங்க. நீது, உனக்க கை எட்டுற உயரம் எது? அங்க வை.” பாத்திரங்களில் நீதுவின் பெயர் வெட்டியிருந்தது. எல்லா வீட்டிலும் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். ஷிஜி ஒவ்வொன்றையும் பெயர் வெளியே தெரியும்படி திருப்பினாள். அதைக் கண்டதும் பெண்களுக்குள் போட்டியே வந்துவிட்டது. எந்தக் குடம் எந்தப் பரணிக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் என்று இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அப்போதுதான் நாலு ஆண்கள் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளுயர ஃப்ரிட்ஜ். கருஞ்சிவப்பு. தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பூ.

ஜிஜோ வெளிறிப்போனான். “அக்கா, சத்தியமாட்டு எனக்கு தெரியாது…”

ஷிஜி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். ஃப்ரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தூக்கி வந்தவர்கள் அதைக் கதவுக்குப் பின்னால் மூலையில் தள்ளப் போனார்கள், வெட்கப்பட்டவர்கள் மாதிரி.

“அங்க வேண்டாம்,” என்றாள் ஷிஜி. “நடுவுல, வாசலுக்க நேரே வைங்க. ஹால்ல இரிக்குதவங்களுக்கும் தெரியட்டும்.”

வைத்தார்கள். தரையின் சிவப்பு எழுந்து ஃப்ரிட்ஜின் சிவப்போடு கைகோத்தது. பழுப்புச் சுவர் பின்வாங்கி, வெள்ளைப் பூக்கள் சண்டைக்கு முன்னால் வந்தன. ஹாலிலிருந்து பார்த்தால் நீலச் சுவருக்கு எதிரே அது ஒரு ராணி மாதிரி நின்றது. பதினொரு மாதமாக அந்த அடுக்களையில் என்ன குறை என்று தெரியாமலே ஷிஜி தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்த கணம் அது. யாரும் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்தது.

முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் வந்தன. பஸ் சீட்டில் இடத்துக்காகச் சின்னத் தகராறே நடந்தது. லேகா மாமி ஷிஜியைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“மக்கா, எனக்க வீட்டுக்கு ஒரு நாளு வா. அந்தக் கட்டிலுக்க அடியில கிடக்குததை எடுத்து வைக்கணும். இனியாவது அதுல கஞ்சி குடிக்கணும்.”

ஷிஜி வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் குரல் குறுக்கே வந்தது. புஷ்பபாய் பலகாரத் தட்டோடு நிமிர்ந்து நின்றாள்.

“வருவா. ஆனா அவளை அவசரப்படுத்தப்பிடாது. ஒரு அடுக்களை செய்ய அவளுக்கு பதினொண்ணு மாசம் வேணும். சும்மா சுவத்துல புட்டி தேய்க்குத வேலையில்ல, கேட்டியளா. மூணு நிறம் வேணும், அதுல ஒண்ணு சண்டைக்காரியாட்டு இருக்கணும். எனக்க மோளுக்க சட்டமாக்கும் அது.” பிறகு ஷாஜியைப் பார்த்தாள். “நீ நாளைக்கு வராண்டாம். ரெண்டு அச்சப்பம் கூட எடுத்துக்கோ.”

ஷாஜி நிற அட்டையை மடித்து உள்ளே தள்ளிவிட்டு, அச்சப்பம் மூன்றாக எடுத்துக்கொண்டான்.

நீது அடுக்களையிலிருந்து டீ கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில். ஷிஜிக்கு மட்டும் கயிற்றிலிருந்து கழற்றிய தன் ரோஸ் கப்பில்.

“மைனி, பிடியுங்க. கழுத்து ஒழிஞ்சு கிடக்குல்லா.”

ஷிஜி அதை வாங்கி, காக்கிக்கும் கசவுக்கும் எதிரே நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். லேகா மாமி தலையைச் சாய்த்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இப்ப சரியாச்சு,” என்றாள் மாமி.

ஷிஜி அந்த டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு தானே எழுந்துபோய், கப்பைக் கழுவி, எல்லோரும் பார்க்க, நடுப்பலகையில் திருப்பி மாட்டினாள்.